கொழும்பில் அரை நாள்: பாவா வீடா, பூங்காவா?

போன வாரம் சேலம் ஐந்து ரோடு டீக்கடையில் இரண்டு தம்பிகள் தங்கள் கொழும்புத் திட்டத்தை போனில் காட்டினார்கள். “பத்து மணிக்கு விகாரமகாதேவி பூங்கா, பன்னிரண்டுக்கு ஜெஃப்ரி பாவா வீடு. சரிதானுங்களா அண்ணா?” என் முதல் பயணத்தில் நான் எழுதி வைத்த அதே வரிசை. விசா, பணம் மாற்றுவது, குடை பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அங்கே செய்யக்கூடாத தவறுகளில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பூங்காவை முதலில் வைப்பது

பாவா இலங்கையின் கட்டடக் கலைஞர். அவர் வாழ்ந்த வீட்டுக்குள் முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில், வழிகாட்டியோடுதான் போக முடியும். பூங்காவுக்கு டிக்கெட் இல்லை, சாயங்காலம் போனாலும் அங்கேயேதான் இருக்கும். எதை முதலில் முடிக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஒன்பது பேர். அதில் ஓமலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், அறுபது வயது. அவர் கிளம்பியதே அந்த வீட்டுக்காகத்தான். “உள்ளே வெளிச்சத்தை எப்படி இறக்கியிருக்காருன்னு பார்க்கணுங்க” என்று ரயிலிலேயே இரண்டு முறை சொன்னார்.

பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. எதிரே இருந்த வெள்ளை நிற நகர மண்டபத்தின் முன்னால் ஆளாளுக்கு ஒரு போட்டோ. அப்புறம் இளநீர். நானும் “ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று இருந்துவிட்டேன். மூன்று ஆட்டோக்களும் போக்குவரத்தில் சிக்கி, போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். எங்கள் முறை போய்விட்டது. மறுநாள் விடிகாலை விமானம்.

மேஸ்திரி திட்டவில்லை. வெளிச்சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைங்க” என்றார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். சேலம் ஜங்ஷனில் பையை வாங்கும்போது கேட்டார்: “உள்ளே நிக்கிற தூணு நம்ம செட்டிநாட்டுத் தூணாமே, நிஜங்களா?”

நிஜம்தான். அதைப் போன வருடம் தனியாகப் போய்ப் பார்த்தேன். அவரைக் கூட்டிப் போக முடியவில்லை, மூட்டு வலியால் இப்போது அவர் வெளியூர் போவதில்லை.

“பழைய வீடுதானே” என்று நினைப்பது

இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் பாவா (1919–2003). மதுரையிலும் அவர் வேலை உண்டு. இந்த வீடு கொள்ளுப்பிட்டிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் 1958 வாக்கில் குடியேறி, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து ஒரே வீடாக்கினார். வாசலில் 1934ஆம் வருட ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

அதைத் தாண்டுங்கள். நீளமான வெள்ளை நடை. திரும்புகிற இடத்தில் கூரை திறந்து ஒரு குட்டி முற்றம், மேலிருந்து வெயில் விழுகிறது. நாலடி தள்ளி மறுபடி இருட்டு, மறுபடி இன்னொரு முற்றம். பக்கத்தில் அடுக்கடுக்காக வீடுகள் இருப்பதே மறந்துபோகும். நம் ஊரில் அதே அளவு மனையில் மூலைக்கு மூலை டியூப்லைட் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லோரையும் வீட்டுக்கு இழுப்பது

வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வீட்டில் “தொடாதே” என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகட்டும்.

நடுப்பகல் பூங்கா

ஏற்காட்டு ஏரிக்கரை என்று நினைத்துப் போகாதீர்கள். சட்டை பிழிகிற புழுக்கம். நாலரை மணிக்கு மேல் போங்கள்.

பௌர்ணமி

இலங்கையில் அன்று விடுமுறை. காலண்டரைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

தம்பிகள் வீட்டைக் காலைக்கும் பூங்காவைச் சாயங்காலத்துக்கும் மாற்றிக்கொண்டார்கள். டீ காசை நான்தான் கொடுத்தேன்.