சினூக் மக்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் பகுதியின் பழங்குடிகளான சினூக் மக்களைப் பற்றி எழுதிவிட்டு, பார்த்துத் தரச் சொல்லிச் சிலர் அனுப்புகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள். ஊர்ப்பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை போகப்போகச் சரியாகிவிடும்.

குலதெய்வம் என்று எழுதாதீர்கள்

ஒருவருக்குத் துணைவரும் ஆவியைக் குறிக்கும் தமானவாஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கை குலதெய்வத்துக்குத்தான் போகும். ஒரு சிறுவர் நூலில் நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சொல்லை நம்பி, குடும்பமே கூடிப் படையல் போடுவதாக இரண்டு பக்கம் வேறு வளர்த்திருந்தேன். அச்சாகி வந்த பிறகுதான் உறைத்தது. கைக்காசு போட்டுத் திரும்ப அச்சடித்தோம். இன்றும் அந்தச் சொல்லைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

குலதெய்வம் பிறப்போடு வருவது; தாத்தா கும்பிட்டதைப் பேரன் கும்பிடுவான். தமானவாஸை அவரவர் தேடிப் போக வேண்டும். வளரும் வயதில் பிள்ளை தனியாக, பட்டினியோடு, ஆளில்லாத இடத்துக்குப் போய்க் காத்திருக்கும். துணைக்கு வரும் ஆவி ஒரு திறமையைத் தரும்: ஒருவருக்கு வேட்டை, ஒருவருக்கு வைத்தியம், இன்னொருவருக்குச் சூதாட்டத்தில் கைராசி. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று. அதை வெளியே சொல்லித் திரிய மாட்டார்கள்; குளிர்கால நடனங்களில் பாட்டாக வெளிப்படும். துணையாவி என்று எழுதுங்கள், அல்லது தமானவாஸ் என்றே விடுங்கள்.

சால்மன் சடங்கில் விதியை மட்டும் அடுக்காதீர்கள்

பருவத்தின் முதல் சால்மன் மீன்களை நீளவாக்கில்தான் அறுப்பார்கள். இதயத்தை நாய் தின்றுவிடக் கூடாது. 1811-இல் ஆற்று முகத்துவாரத்தில் வந்திறங்கிய வெள்ளை வியாபாரிகள் குறுக்கே வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, தயங்கித் தயங்கித்தான் மீன் கொடுத்தார்கள். மீன் மனமுவந்து வருகிறது, மரியாதை குறைந்தால் திரும்பி வராது என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம். அதை விட்டுவிட்டால் வாசகர் மூடநம்பிக்கை என்று கடந்துபோவார்.

கூடாரம்

அவர்கள் குடியிருந்தது கூடாரத்தில் என்று எழுதாதீர்கள். சிடார் மரப் பலகை வீடுகள். கேத்லபோட்டில் என்ற சினூக் கிராமத்தில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் 1806 மார்ச்சில் 14 வீடுகளை எண்ணினார்கள்.

தட்டையான நெற்றி

குழந்தையாக இருக்கும்போதே அழுத்தித் தட்டையாக்கிய நெற்றி அடிமைக்குறி அல்ல. சுதந்திரமாகப் பிறந்தவரின் அடையாளம். அடிமைகளின் குழந்தைகளுக்கு அது மறுக்கப்பட்டது.

வாழ்ந்தார்கள்

வாழ்கிறார்கள் என்று எழுதுங்கள். பழங்குடி இனம் என்று 2001-இல் அமெரிக்க அரசு தந்த அங்கீகாரம் 2002-இல் பறிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.