இராமன் நிறமாலையால் கால்சைட்டையும் அரகோனைட்டையும் பிரித்தறியும் முறை

கால்சைட், அரகோனைட் இரண்டும் கால்சியம் கார்பனேட்டே. படிக அமைப்பு மட்டுமே வேறு. வேதிப் பகுப்பாய்வுக்குப் பிடிபடாத இந்த வேறுபாட்டை, 1928-இல் கொல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறல், அதாவது பொருளின் அதிர்வுகளால் ஒளி அலைநீளம் மாறிச் சிதறுவது, எளிதில் காட்டிவிடும்.

முதலில் சிலிக்கான் துண்டொன்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, அதன் நிறமாலையின் முகடு (செறிவு மிகுந்த இடம்) 520.5 செ.மீ⁻¹ (சிதறிய ஒளியின் மாற்றத்தை அளக்கும் அலகு) அருகே விழுகிறதா என்று பார்த்து, விலகியிருந்தால் கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த நிறமாலையை நான் நம்புவதில்லை.

பிறகு, 532 நானோமீட்டர் லேசரைக் குறைந்த திறனில் மாதிரியின் பரப்பில் குவிக்கவும். சிப்பி ஓடு போன்ற கரிமப்பொருள் கலந்த மாதிரிகளில் ஒளிர்வு (லேசரால் தூண்டப்பட்டு மாதிரியே உமிழும் ஒளி) மேலோங்கி, முகடுகள் அதில் மூழ்கிவிடலாம். அப்போது 785 நானோமீட்டருக்கு மாறலாம். ஆனால் சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பதிவு நேரத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

1085 செ.மீ⁻¹ அருகே எழும் உயர்ந்த முகட்டைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது கார்பனேட் தொகுதியின் சமச்சீர் நீட்சி அதிர்வு என்பதால் இரண்டிலுமே தோன்றும். 712, 281 ஆகிய இடங்களில் முகடுகள் இருந்தால் கால்சைட். 701, 705 என்ற இரட்டை முகடும் 206-இல் ஒன்றும் இருந்தால் அரகோனைட். பிரிதிறன் குறைந்த கருவியில் அந்த இரட்டை முகடு ஒன்றாகவே தெரியும் என்பதால், 300-க்குக் கீழுள்ள படிகக்கூட்டு அதிர்வுகளே (படிகக் கட்டமைப்பு முழுவதும் சேர்ந்து அதிர்வதால் எழும் முகடுகளே) நம்பகமான சான்று.

எதிர்பார்த்த முகடு தென்படாவிட்டால், படிகத்தைச் சுழற்றி மீண்டும் பதிவுசெய்யவும். லேசரின் முனைவாக்கத் திசைக்கும் (அதன் ஒளியலை அதிரும் திசைக்கும்) படிக அச்சுக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்து முகடுகளின் உயரம் மாறும்.