கச்சான் காற்றில் அரபி படிக்காதீர்கள்

"கல்பீ, கல்பீ" என்று மூன்று வாரம் உருப்போட்டிருந்தேன். 'என் இதயம்' என்று பொருள். கீழக்கரையில் ஒரு டீக்கடையில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது, வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நாய் வளர்க்கிறீங்களா?"

அரபியில் இரண்டு 'க' உண்டு. தமிழில் பெயரை எழுதினால் இரண்டுமே 'காஃப்'தான். ஒன்று நாம் 'கல்' என்று சொல்லும்போது வருகிற சாதாரண க. இன்னொன்று உள்நாக்கை ஒட்டி, தொண்டைக்குப் பக்கத்தில் பிறக்கிறது. ஆழமான காஃப் போட்டால் இதயம். நம்ம ஊர் க போட்டால் நாய். இந்த வித்தியாசம் எனக்கு ஏன் தெரியாமல் போனது? நான் அதைக் கேட்டுப் படித்தது பாம்பன் குந்துகால் பக்கம், தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில், ஜூன் மாதத்தில், காதில் இயர்போனோடு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். தொண்டையின் ஆழம் எங்கே கேட்கப் போகிறது?

வகுப்பறை அலுத்துப்போய், கடற்கரை, படகு, பாலம், பஸ் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். இடம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அங்கே காதுக்கு வேலையா, வாய்க்கு வேலையா, கண்ணுக்கு வேலையா என்று பார்ப்பதில்லை. கேட்டுப் பழக வேண்டுமென்றால் கச்சான் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் போங்கள், அப்போது அது குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் நேர்மாறு: வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் போல ராமநாதபுரம் டவுனிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

அதற்காகக் காற்று வீசும் கரையை ஒதுக்கவும் வேண்டாம். அது வாய்க்கு நல்ல இடம். வீட்டில் கத்திச் சொல்லிப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையோரம் நின்று எதைக் கத்தினாலும் காற்றுதான் கேட்கும். ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள்.

இரண்டாவது தவறு, இலவசமாகக் காதில் விழுவதை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்வது. ராமேஸ்வரம் தீவில் ரேடியோவைத் திருப்பினால் இலங்கை எஃப்எம் வரும். சிங்களம் கற்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும், செய்தியில் உட்கார்ந்துவிடுவோம். சிங்களத்திலும் நம்மைப் போலவே எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு. 'நான் போகிறேன்' என்பது பேச்சில் 'மம யனவா', 'நாங்கள் போகிறோம்' 'அபி யனவா'. வினை மாறவே மாறாது. எழுத்து மொழியில் அதுவே 'மம யமி', 'அபி யமு' ஆகிவிடும். செய்தி கேட்டுக் கற்றவர் கடையில் போய்ப் பேசினால், 'யான் செல்கின்றேன்' என்று டவுன் பஸ்ஸில் ஒருவர் டிக்கெட் கேட்பது போல இருக்கும். செய்தியை விட்டுவிட்டு, நேயர்கள் போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

அரபியிலும் இதே கதைதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சின்ன வயதிலேயே ஓதக் கற்றவர்களுக்கு எழுத்தும் உச்சரிப்பும் அத்துப்படி. காஃப் விஷயத்தில் என்னைப் போல நாய் வளர்க்க மாட்டார்கள். தமிழையே அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு உள்ள ஊர் அது. ஆனாலும் ஓதத் தெரிந்தால் பேசவும் தெரியும் என்று நம்பி விமானம் ஏறினால் முதல் நாளே முழி பிதுங்கும். ஏட்டில் 'கைஃப ஹாலுக' என்று நலம் விசாரித்தால், வளைகுடாவில் 'ஷ்லோனக்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் நிறம் என்ன?' என்று பொருள். தண்ணீர் ஏட்டில் 'மாஉ', அங்கே வாயில் 'மாய்'.

ஜப்பானிய மொழி படிக்கும் என் சித்தி மகன் செய்தது வேறு. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று இச்சி, நி, சன் என்று மீன்களை எண்ணினான். யோசனை அருமைதான். ஆனால் ஜப்பானியத்தில் வெறும் எண்ணை வைத்துப் பொருளை எண்ண முடியாது. மீனுக்கு இப்பிக்கி, நிஹிக்கி, சம்பிக்கி. நீளமான பொருளுக்கு இப்போன், நிஹோன், சம்போன். மூன்றில் மட்டும் ஏன் 'ஹ' போய் 'ப' மென்மையாக வருகிறது என்று கேட்டான். 'பம்பரம்' சொல்லிப் பார் என்றேன். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் ப நம் வாயிலும் தானாகவே மென்மையாகிறது. இப்போது ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் நடந்தால் தூண்களைப் 'போன்' போட்டு எண்ணுகிறான். மொத்தம் 1,212 தூண்கள், அறுபதைத் தாண்டியதில்லை. உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை என்பதால் ஆப்பைத் திறந்து ஏமாற்றவும் வழியில்லை.

அவனுடைய இன்னொரு தவறு, மீன்பிடித் தடைக்காலத்தை நம்பியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். படகு நிழலில் தினமும் இரண்டு மணி நேரம் படித்தான். ஜூன் 15-இல் படகு கடலுக்குப் போனது, படிப்பும் கூடவே போனது. அதே நேரத்துக்கு உட்கார இன்னொரு இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், படகு வயர்லெஸ்ஸில் பேசிப் பழகலாமா என்று கேட்காதீர்கள். 16-ஆம் சேனல் ஆபத்தில் கூப்பிடுவதற்கு. பாம்பன் பாலத்தில் ரயிலைப் படம் எடுக்கும் வெள்ளைக்காரரை மடக்கிப் பிடித்துப் பேசுவதும் வேண்டாம். அவர் ரயில் பார்க்க வந்தவர்.

டீக்கடைக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் என்னை அப்படியே விட்டுவிடவில்லை. "வசூல், ரத்து, பாக்கி எல்லாம் அரபிதான் தம்பி. பாக்கியில அந்த ஆழமான காஃப் இருக்கு. அதை வச்சுப் பழகுங்க" என்றார். நானும் தொண்டைக்குள்ளிருந்து 'பாக்கி, பாக்கி' என்று பத்துப் பதினைந்து தடவை சொன்னேன். கடைக்காரர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.