வெளுத்த பவளமெல்லாம் செத்த பவளம் அல்ல: பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பை போடாதீர்கள், பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள் என்பதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றிப் பவளக் கணக்கெடுப்புக்கும் பவளம் நடும் வேலைக்கும் புதிதாக இறங்குபவர்கள் ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் சறுக்குவது அதே இடங்களில்தான்.

வெள்ளையாக இருந்தால் "இறந்தது" என்று எழுதுவது

இந்த ஒரு தவறுக்குத்தான் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் அது கணக்கையும் கெடுக்கிறது, பவளத்தையும் கெடுக்கிறது.

பவள உயிரியின் தசை கண்ணாடி போன்றது. அதற்கு நிறம் தருவது தசைக்குள் வாழும் நுண்பாசி. உணவில் பெரும்பங்கும் அதுதான் தருகிறது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, நான்கு வாரம் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றத் தொடங்கும். அப்போது தசை வழியாக உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி மறுபடி குடியேறும். சூடு நீடித்தால்தான் சாவு.

இங்கே சூடு ஏறுவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. 2010, 2016 இரண்டிலும் வெளிறல் கடுமையாக இருந்தது. மே மாதம் "இறந்தது" என்று சிலேட்டில் (நீருக்கடியில் எழுதும் பலகையில்) குறித்த பவளம் சில மாதம் கழித்துப் பழுப்பாக நிற்கும். அதைப் பார்க்கும் அடுத்த குழு "புது வளர்ச்சி" என்று எழுதும். இல்லாத சாவு ஒன்று, இல்லாத பிறப்பு ஒன்று என ஒரே பவளத்துக்கு இரண்டு பொய்க் கணக்கு. அதைவிட மோசம், காலி இடம் என்று நம்பி, பவளத்துண்டு நடுவதற்கான சிமென்ட் பலகையை அதன்மேலேயே இறக்குவது. சூட்டைத் தாங்கி மீளக்கூடிய தாய்ப்பவளம் அதோடு போய்விடும். பாறாங்கல் போல வளரும் பொரைட்டிஸ் வகை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும், ஒரு மீட்டர் அகலப் பவளம் என்றால் அதற்கு வயது 50 இருக்கும்.

தொடாமல், ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். உயிருள்ளதில் கூட்டின் சிறு குழிகளின் மேல் ஈரமான ஒரு படலம் தெரியும், சிலநேரம் சிறு உணர்கொம்புகளும் நீட்டியிருக்கும். புதிதாகச் செத்ததில் படலம் இருக்காது. குழியின் விளிம்புகள் கூர்மையாக, வெறுமையாக நிற்கும். சில நாளில் பச்சையும் பழுப்புமாக மெல்லிய பாசி படரத் தொடங்கும். ஆகவே சிலேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: வெளிறியது, புதிதாக இறந்தது, முன்பே இறந்தது. ஐயம் இருந்தால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று: மான்கொம்பு போல கிளைவிடும் அக்ரோபோராவின் நுனி வெள்ளையாகத்தான் இருக்கும். அது வளரும் நுனி, நோய் அல்ல. உயிர்த்தசைக்கும் வெற்றுக்கூட்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை தெரிந்தால் அது சூட்டின் வேலை அல்ல. நோயாக இருக்கலாம், அல்லது தசையைத் தின்னும் துருப்பெல்லா நத்தையாக இருக்கலாம். கிளைகளின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், நத்தை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நங்கூரம்

மணலில் மட்டும்.

பதமாகாத புதுச் சிமென்டில் பவளத்துண்டு கட்டுவது

புதுக் காங்கிரீட்டின் காரத்தன்மை (pH அளவு) 12-க்கு மேல்; கடல்நீருடையது 8 சொச்சம். வார்த்த பலகையை 28 நாள் நனைத்துப் பதமாக்கி, பிறகு தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பின்பே இறக்க வேண்டும். கட்டிய துண்டு அலையில் துளிகூட ஆடக்கூடாது. ஆடினால் தசை பலகையில் பற்றாது, பாசி முந்திக்கொள்ளும். வெயில் மாதங்களில் துண்டு வெட்டவே வேண்டாம்.

ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) உதைப்பு

அடியிலிருந்து ஒரு மீட்டராவது மேலே நில்லுங்கள். கிளம்பும் வண்டல் பவளத்தின் மேல்தான் படியும்.

சன்ஸ்கிரீனை நம்புவது

முழுக்கைச் சட்டை போதும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை, பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் தடுத்திருக்கிறது.

கரையில் ஒதுங்கிய துண்டை எடுத்துவருவது

கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டுக்கும் அது பொருந்தும்.

கப்பாபைகஸ் பாசியைப் பிய்த்து எறிவது

வளர்ப்புக்காகக் கொண்டுவந்த இந்தப் பாசி குருசடை தீவுப் பக்கம் பவளத்தைப் போர்த்தி மூச்சடைத்திருக்கிறது. கையால் இழுத்தால் ஒடியும். ஒடிந்த சிறு துண்டும் தனியாக வளரும். அடிப்பிடிப்போடு மெதுவாகப் பிரித்து, பெரிய கண்ணி வலைப்பையில் அல்லாமல் நெருக்கமான துணிப்பையில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து உலர்த்துங்கள். அதே இடத்தை அடுத்தடுத்த மாதங்களிலும் பார்க்க வேண்டும். இந்தத் தீவுப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா என்பதால், இந்த வேலைக்கும் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.