ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல்: மார்ச்சுக்குள் மார்க்கை உயர்த்துவது எப்படி?

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பதைத் தாண்டவில்லை, இயற்பியலில் பாஸ் மார்க்கை ஒட்டி நிற்கிறது என்ற நிலையில் இருக்கும் ப்ளஸ் டூ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துத்தான் சொல்கிறேன். பயந்துபோய் முதல் பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி ஆரம்பித்தால் மூன்றாம் பாடத்துக்கு வருவதற்குள் ரிவிஷன் தேர்வு வந்துவிடும். மார்க் எங்கே போகிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 1: பழைய விடைத்தாளை எடுங்கள்

திருத்தித் தந்த அரையாண்டு விடைத்தாளை மேசையில் விரியுங்கள். மார்க் போன ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: 'தெரியாது', 'பாதியில் நின்றது', 'தெரிந்தும் தப்பு'. முதல் வகைதான் அதிகமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் பின் இரண்டும் சேர்ந்து நிறைய மார்க்கைத் தின்றிருக்கும். குறுகிய காலத்தில் மீட்க முடிந்தவை அவைதான்.

படி 2: வினாத்தாளின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90. ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண்ணில் 10 கேட்டு 7 எழுதச் சொல்வார்கள், அதேபோல் மூன்று மதிப்பெண்ணில் 10 கேட்டு 7, ஐந்து மதிப்பெண்ணில் 7 வினாக்கள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70. ஒரு மதிப்பெண் 15, இரண்டிலும் மூன்றிலும் 9 கேட்டு 6, ஐந்து மதிப்பெண் 5. மீதி 30-இல் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைத் தேர்வு முன்னதாகவே முடிந்துவிடும். ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் இழுத்தடிப்பவர்கள் கைக்கு எட்டும் 20 மார்க்கோடு விளையாடுகிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். புக் பேக் (பாடத்தின் முடிவில் உள்ள) வினாக்களைச் சும்மா வாசிக்கக் கூடாது. விடையை மூடிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வில் விடைக்குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதுவதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ப்ளஸ் ஒன் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

கணிதத்தில் 7 முதல் 10 வரையுள்ள பாடங்கள் எல்லாம் நுண்கணிதம். இவை புரியவில்லை என்று சொல்பவர்களிடம் ஒரு சாதாரண வகையிடலைக் கொடுத்தால் அங்கேயே தடுமாறுவார்கள். குறை பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்காது, பதினொன்றாம் வகுப்பு சூத்திரத்தில் இருக்கும். வகையிடல் சூத்திரங்கள் ஒரு தாள், தொகையிடல் ஒரு தாள், முக்கோணவியல் ஒரு தாள். தினமும் காலையில் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு ஏழாம் பாடத்தைத் திறந்தால் அது வேறு பாடம்போலத் தெரியும்.

படி 4: கணிதத்தில் எந்தப் பாடம் முதலில்?

அணிகள், தனிநிலைக் கணிதம், கலப்பு எண்கள், நிகழ்தகவு பரவல்கள். என் யோசனை இந்த வரிசைதான். தனிநிலைக் கணிதம் கடைசிப் பாடம் என்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் மெய்மை அட்டவணைக்கும், அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறைப் பண்புகளைச் சரிபார்க்கும் கணக்குகளுக்கும் முந்தைய பாட அறிவு அதிகம் தேவைப்படாது.

அணிகளில் மார்க் போவது பெரும்பாலும் குறியில்தான். ஓர் அணியின் முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 5, 3. அணிக்கோவை மதிப்பு 6 கழித்தல் 5, அதாவது 1. அது 1 என்பதால் அதனால் வகுக்கும் வேலை இங்கே இல்லை. மூலைவிட்டத்தில் உள்ள 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றி, மற்ற இரண்டுக்கும் குறியை மாற்றினால் நேர்மாறு கிடைக்கும்: முதல் வரிசை 3, −1, இரண்டாம் வரிசை −5, 2. இங்கேயே நிறுத்திவிடாமல் மூல அணியின் முதல் வரிசையை விடையின் முதல் நிரலோடு பெருக்குங்கள்: 6 கழித்தல் 5, விடை 1. இரண்டாம் நிரலோடு: −2 கூட்டல் 2, விடை 0. சரி, முதல் வரிசை ஒத்துவந்துவிட்டது. இரண்டாம் வரிசையையும் இப்படியே பாருங்கள், 0, 1 என்று வர வேண்டும். அரை நிமிட வேலைதான். குறி தப்பாகப் போயிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

படி 5: இயற்பியல் டெரிவேஷனை எழுதிப் படியுங்கள்

நெட்டுரு போட்ட டெரிவேஷன் (சூத்திரத்தைப் படிப்படியாக வருவிப்பது) நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமாக நின்றுவிடும். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காண்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் படம். நேர் மின்துகள் இருக்கும் பக்கமாக ஒரு புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியில் நேர் மின்துகளின் புலம் வெளியே தள்ளும், எதிர் மின்துகளின் புலம் உள்ளே இழுக்கும். நேர் மின்துகள் அருகில் இருப்பதால் அதன் கை ஓங்கும். ஆகவே இரண்டையும் கழிக்க வேண்டும், நிகரப் புலம் இருமுனைத் திருப்புத்திறனின் திசையில் இருக்கும். அப்புறம், புள்ளி வெகு தொலைவில் இருப்பதாகக் கொண்டு சிறிய உறுப்பை விட்டுவிட்டால், புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வரும். இந்தக் கதை மனத்தில் இருந்தால் வரிகள் தானாக வரும்.

கதையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். நின்ற வரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மறுநாள் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். கடைசி வரி வராவிட்டாலும் படம், தொடக்க விதி, இடைப்படிகள் ஆகியவற்றுக்கு ஸ்டெப் மார்க் உண்டு. தெரிந்தவரை எழுதாமல் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 6: கணக்கீடுகளில் அலகைப் பிடியுங்கள்

2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 100 வோல்ட்டில் இணைத்தால் சேமிக்கப்படும் ஆற்றல் எவ்வளவு? மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். மைக்ரோவை 10-இன் அடுக்கு −6 என்று மாற்றினால் விடை 0.01 ஜூல். மாற்ற மறந்தால் 10,000 ஜூல்! சூத்திரம் சரி, பெருக்கல் சரி, விடை மட்டும் தப்பு. தரவுகளை எழுதும்போதே அலகை மாற்றி எழுதிவிடுங்கள். கால்குலேட்டர் கிடையாது என்பதால் மடக்கை அட்டவணையைப் பார்க்கவும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

படி 7: வாரம் ஒரு முழுத்தேர்வு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள், ஒரு வாரம் கணிதம், மறுவாரம் இயற்பியல். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொண்டு, படி 1-இல் செய்ததுபோல் மூன்று வகையாகப் பிரியுங்கள்.

தேர்வு அறையில் வினாத்தாளை வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில், இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் உள்ள கட்டாய வினாக்களை முதலில் பாருங்கள். அவற்றுக்கு மாற்று வினா கிடையாது. பிறகு ஐந்து மதிப்பெண்ணில் ஒவ்வொரு 'அல்லது'விலும் எதை எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள், பாதி எழுதி அடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் பத்து நிமிடம் போய்விடும்.