ஜல்லி டப்பாவும் பென்னுவின் வயிறும்

ஏற்காடு அடிவாரத்தில் டியூஷன் எடுக்கிறேன். சிறுகோளை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், முதலில் வாசலில் கிடக்கும் முக்கால் இஞ்ச் ஜல்லியை அள்ளிவரச் சொல்வேன்.

சமையலறைத் தராசும் ஒரு லிட்டர் டப்பாவும் போதும். ஜல்லியைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். போன வருஷம் மழையில் நனைந்ததை அப்படியே நிறுத்தேன், கணக்கு கந்தலாகிவிட்டது. டப்பாவை விளிம்புவரை நிரப்பி நிறுங்கள். எனக்கு 1,520 கிராம் வந்தது. எங்கள் பக்கத்துக் கருங்கல் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், டப்பா முழுக்கக் கல்லென்றால் 2,700 காட்டியிருக்க வேண்டும். ஆக, 44 சதவீதம் வெறும் சந்து. சந்தேகமிருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். என் டப்பா 430 மில்லி குடித்தது.

சரி, பென்னு என்ற சிறுகோளை எந்தத் தராசில் வைப்பது? விண்கலம்தான் தராசு. 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்த நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலத்தைப் பென்னு தன் ஈர்ப்பால் லேசாக இழுத்தது. இழுக்க இழுக்க, கலம் அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் மாறியது. மலைப்பாதையில் நம்மைத் தாண்டிப்போகும் பஸ்ஸின் ஹாரன் சட்டென்று இறங்குமே, அதே சங்கதி. அதிலிருந்து கிடைத்த நிறை சுமார் 7,330 கோடி கிலோ. படங்களும் லேசர் அளவுகளும் தந்த கன அளவு 6.15 கோடி கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்: கன மீட்டருக்கு 1,190 கிலோ. தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம்! பென்னு மாதிரி விண்கல்லோடு ஒப்பிட்டால், பாதிக்குப் பாதி வெற்றிடம். 2020 அக்டோபர் 20 அன்று மண்ணெடுக்க இறங்கிய கலத்தின் கை அரை மீட்டர் உள்ளே போய்விட்டது.

பிள்ளைகள் வழுக்குவது ஈரோஸ் என்ற இன்னொரு சிறுகோளில். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.67 கிராம். நம் கருங்கல் மாதிரியே இருக்கிறது, அப்போது முழுப்பாறைதானே என்பார்கள். இல்லை. ஈரோஸ் மாதிரிப் பொருளாலான, பூமியில் விழுந்த விண்கல் 3.3 பக்கம் வரும். அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு விரிசலும் சந்தும்.

வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று அடர்த்தி சொல்லாது. அதற்கு ஈர்ப்பு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பென்னுவிலோ அதிர்ஷ்டம்: அதுவே பொடிக்கற்களைத் தெறிக்கவிட்டது, சில அதையே சுற்றின. கலத்தைவிட நெருக்கத்தில் பறந்த அந்தக் கற்களின் பாதையைத் தொடர்ந்தபோது, நடுவயிறும் (மையம்) இடுப்பும் (நடுக்கோட்டுப் புடைப்பு)தான் மற்ற இடங்களைவிடத் தளர்வு என்று தெரிந்தது.