ஓம், வாட் கணக்கில் எங்கே தப்பு நடக்கிறது?

வோல்டேஜைக் கரன்டால் வகுத்தால் மின்தடை (ஓம் கணக்கில்), இரண்டையும் பெருக்கினால் திறன் (வாட் கணக்கில்). இந்தச் சூத்திரத்தை யாரும் மறப்பதில்லை, அதற்குள் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

12 வோல்ட் அடாப்டரில் ஒரு சிவப்பு எல்இடியை எரிய விட வேண்டும், 20 மில்லி ஆம்பியர் போதும், கரன்டை அந்த அளவில் நிறுத்த என்ன ரெசிஸ்டர் போடலாம்? பலர் 12-ஐ அப்படியே எடுத்து வகுக்கிறார்கள். ஆனால் எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவில் மீதி 10 வோல்ட்தான், அதனால் 500 ஓம். அது தாங்க வேண்டிய திறனுக்கும் அதே 10 வோல்ட்தான் கணக்கு: 0.2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகவே சுடும், அரை வாட் போடுவது நல்லது.

இதே கணக்கில் 20 மில்லி ஆம்பியரை 0.02 ஆம்பியராக மாற்ற மறந்து, 10-ஐ 20-ஆல் வகுத்து அரை ஓம் என்று எழுதுபவர்களும் உண்டு. அதை நம்பிப் போட்டால் எல்இடி அந்த நொடியே போய்விடும். உண்மையில் அந்த 0.5 என்பது கிலோ ஓம். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிலோ ஓம் வரும் என்று மனதில் வைத்துக்கொண்டால், மாற்றாமலேயே கணக்குப் போடலாம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 230 வோல்ட், 1500 வாட் வாட்டர் ஹீட்டர் வீட்டில் இருக்கிறது, வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது, 'வாட் அதேதானே, அப்போ கரன்ட் 8.3 ஆம்பியராக ஏறும்' என்கிறார்கள். ஹீட்டரில் மாறாமல் இருப்பது வாட் அல்ல, காயிலின் மின்தடை. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுங்கள், சுமார் 35 ஓம். 180 வோல்ட்டில் அது இழுப்பது 5.1 ஆம்பியர்தான், திறன் 920 வாட்டுக்கு வந்துவிடும், அதனால்தான் லோ வோல்டேஜ் நாளில் தண்ணீர் சூடாக அவ்வளவு நேரம் ஆகிறது. லேப்டாப் சார்ஜர் வேறு ரகம், வோல்டேஜ் குறைந்தால் கரன்டைக் கூட்டி இழுத்து வாட்டைச் சமன் செய்துகொள்ளும். எந்தப் பொருள், அதில் எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும்.

பழைய 100 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள், 40 ஓம் பக்கத்தில் காட்டும். ஹீட்டருக்குப் போட்ட அதே கணக்குப்படி (230-ஐ 230-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால்) 529 ஓம் வர வேண்டும். மீட்டரும் சரி, கணக்கும் சரி. குளிர்ந்த டங்ஸ்டன் இழைக்கும் வெள்ளையாக எரியும் இழைக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஃபிரிட்ஜ், மோட்டார் போன்றவற்றில் வோல்டேஜையும் கரன்டையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது, பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று காட்டும் எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும். 230 வோல்ட், 1 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 161 வாட்.

அப்புறம், அளக்கும்போது கவனம். ஓம் பார்க்கும்முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரன்ட் அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அதை மறந்து பிளக் பாயின்ட்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான், மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.